தாழ்ப்பாள் உள்ள அறையும் இருபது நிமிடத் தூக்கமும்

வணக்கம். மணி எட்டே முக்கால். இரவு டியூட்டி முடித்து வந்து, குளித்து, ஈரத்தலையோடு உட்கார்ந்திருக்கிறேன். புதிதாக ஸ்டாஃப் நர்ஸ் வேலைக்குச் சேர்ந்த தங்கைகள் பலர் ஒரே கேள்வியைத்தான் கேட்டிருந்தீர்கள்: "அக்கா, விடிய விடிய வார்டில் நின்றுகொண்டு உடம்பை எப்படிச் சுத்தமாக வைத்துக்கொள்வது? எப்போது கண்ணை மூடுவது?" படுக்கப் போவதற்கு முன் சொல்லிவிடுகிறேன்.

இது என் டியூட்டிப் பை. மாற்று உள்ளாடை, இரண்டு ஜோடி பருத்திச் சாக்ஸ், சின்னத் துண்டு, பல் துலக்கும் பிரஷ், நாப்கின், ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில். வார்டுச் செருப்பு இதில் வராது, அது மருத்துவமனையிலேயே இருக்கும். நள்ளிரவு தாண்டியதும் முகம் கழுவி, பல் துலக்கி, சாக்ஸை மாற்றிப் பாருங்கள். கால் ஈரம் போனாலே பாதி அலுப்பு போய்விடுகிறது.

கை விஷயத்தில் மட்டும் நான் கொஞ்சம் கண்டிப்பானவள். வளையல், மோதிரம், கைக்கடிகாரம் மூன்றையும் வார்டுக்குள் நுழையும் முன்பே கழற்றிவிடுங்கள். சானிடைசர் என்றால் 20 முதல் 30 விநாடி, சோப்பு என்றால் எல்லாம் சேர்த்து 40 முதல் 60 விநாடி என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்கு. வயிற்றுப்போக்கு நோயாளியைத் தொட்டீர்களா? சானிடைசரை நம்பாதீர்கள். சில கிருமிகளின் வித்துகள் அதற்குச் சாவதில்லை, சோப்பும் ஓடும் தண்ணீரும்தான் அவற்றை அடித்துக்கொண்டு போகும். இத்தனை முறை கழுவினால் விரலிடுக்கு வெடிக்கத்தான் செய்யும். அதற்குத் தேங்காய் எண்ணெய் தடவலாம், ஆனால் டியூட்டி முடிந்த பிறகு. எண்ணெய்க் கையோடு ரப்பர் கையுறை போட்டால் அது நைந்துவிடும். அப்புறம், கையை இவ்வளவு கழுவிவிட்டு உடனே கைப்பேசியை எடுத்தால் என்ன பயன்? அதையும் ஸ்பிரிட் பஞ்சால் துடைத்துவிடுங்கள்.

அடுத்ததை வெளிப்படையாகவே பேசுகிறேன். கழிப்பறை தூரத்தில் இருக்கிறது, அழுக்காக இருக்கிறது என்று தண்ணீரே குடிக்காமல் இரவைக் கழிப்பவர்கள் நம்மில் எத்தனை பேர்! நானும் முதல் இரண்டு வருடம் அப்படித்தான் இருந்தேன். நீர்க்கடுப்பு வந்து மருந்து சாப்பிட்ட பிறகுதான் புத்தி வந்தது. சிறுநீரை அடக்காதீர்கள். மாதவிலக்கு நாளில் நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்குள் நாப்கினை மாற்றுங்கள். "ஐந்து நிமிடம் பார்த்துக்கொள்ளுங்கள் சிஸ்டர்" என்று பக்கத்து வார்டில் சொல்லிவிட்டுப் போவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இனி தூக்கம். மூன்று மணியிலிருந்து ஐந்து மணி வரைதான் உடம்பு நம் பேச்சைக் கேட்காத நேரம். இரண்டு பேர் டியூட்டியில் இருந்தால் முறை வைத்து இருபது நிமிடம் படுத்துக்கொள்ளுங்கள். படுக்கும் முன் வாய்விட்டுச் சொல்லிவிட்டுப் போங்கள்: ஐந்தாம் கட்டிலுக்கு டிரிப் முடியப்போகிறது, ஒன்பதாம் கட்டிலுக்கு மூச்சுத்திணறல், கண் வையுங்கள் என்று. இருபது நிமிடத்தைத் தாண்டி ஆழ்ந்து தூங்கிவிட்டால், எழுந்த பிறகும் மூளை சிறிது நேரம் விழிக்காது.

எனக்கே நேர்ந்தது இது. ஒரு நாள் அசந்து ஒரு மணி நேரம் தூங்கிவிட்டேன். எழுந்ததும் நேராக இன்சுலின் எடுக்கப் போனேன். கையில் இருந்தது ஒரு மில்லிலிட்டருக்கு 40 யூனிட் உள்ள இன்சுலின் குப்பி. அதற்குரிய சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி. நான் எடுத்ததோ, மில்லிலிட்டருக்கு 100 யூனிட் உள்ள மருந்துக்கான ஆரஞ்சு மூடி சிரிஞ்ச். அதில் 20 என்ற கோடு வரை இழுத்தால் உள்ளே இருப்பது வெறும் 8 யூனிட்தான். கூட இருந்த சிஸ்டர் என் மணிக்கட்டைப் பிடித்து, "மூடியைப் பார் பாப்பா" என்றார். குப்பியும் சிரிஞ்சும் மாறி, 100 யூனிட் மருந்து சிவப்பு மூடி சிரிஞ்சில் ஏறியிருந்தால் இரண்டரை மடங்கு போயிருக்கும். அன்றிலிருந்து, எழுந்து கால் மணி நேரம் ஆகும் வரை ஊசி மருந்தைத் தொடுவதில்லை. முகம் கழுவி, வார்டை ஒரு சுற்று நடந்த பிறகுதான். தனியாக டியூட்டி பார்க்கும் இரவில் படுக்கவே வழியில்லை. அப்போதும் இன்சுலினைப் பக்கத்து வார்டு சிஸ்டரிடம் ஒருமுறை காட்டிவிட்டுப் போடுங்கள்.

எங்கே படுப்பது என்று கேட்கிறீர்கள். 2024 ஆகஸ்ட் 9 அன்று கொல்கத்தா ஆர்.ஜி. கர் மருத்துவமனையில் நடந்ததை நாம் யாரும் மறக்கவில்லை. நீண்ட டியூட்டிக்கு நடுவே கருத்தரங்கு அறையில் ஓய்வெடுத்த பெண் பயிற்சி மருத்துவர் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாகிக் கொல்லப்பட்டார். அவருக்கென்று பூட்டிக்கொள்ள ஓர் அறை இல்லை. அந்த வாரம்தான் எங்கள் ஓய்வறைக் கதவை நான் உற்றுப் பார்த்தேன். தாழ்ப்பாள் இருந்த இடத்தில் நான்கு ஆணித் துளைகள் மட்டும். எல்லோரும் கையெழுத்துப் போட்டு எழுதிக் கொடுத்தோம். மூன்று மாதம் அலைந்த பிறகு தாழ்ப்பாள் வந்தது. உங்கள் அறையிலும் இன்று இரவே கதவைச் சாத்திப் பாருங்கள். தாழ்ப்பாள் இல்லையென்றால் வாயால் கேட்காதீர்கள், எழுதிக் கேளுங்கள். நகலையும் வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்கு ஸ்கூட்டியில் வராதீர்கள். கண் சொக்கும். பஸ்ஸில் வாருங்கள். யூனிஃபார்மைத் தனியாகப் போட்டு, குளித்த பிறகே பிள்ளையைத் தூக்குங்கள். நான் இரவு ஒரு மணிக்குப் பிறகு டீயைத் தொடுவதில்லை, தொட்டால் இந்நேரம் தூக்கம் வராது. ஜன்னலுக்கு இந்தக் கறுப்புத் துணியைத் தைத்துக் கொடுத்தவர் என் மாமியார். அழைப்பு மணியின் சுவிட்சையும் அவரே அணைத்துவிட்டார். இன்று இரவும் ஏழு மணிக்கு டியூட்டி. துணியை இழுத்துவிடுகிறேன்.