விலங்குகள் ஓடுவதைப் பார்ப்பதற்குச் சம்பளமா?

வணக்கம். சென்ற காணொளிக்கு வந்த கேள்விகளில் ஒன்றைப் படித்ததும் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். கல்லூரியில் படிக்கும் நேயர் ஒருவர் கேட்கிறார்: “முனைவர் பட்டம் வாங்கிய பிறகும் உங்களைப் போஸ்ட்டாக் என்கிறீர்களே, இது வேலையா, படிப்பா? விலங்குகள் ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருக்கவா சம்பளம் தருகிறார்கள்? இதற்குக் கணிதம் தெரிய வேண்டுமா?” சிரித்தேனே தவிர, கேள்வி இரண்டு நாளாக மண்டையைக் குடைந்துகொண்டே இருக்கிறது.

வேலைதான். பட்டம் முடித்தவர், சொந்த ஆய்வுக்கூடம் அமையும்வரை ஒரு பேராசிரியரின் ஆய்வுக்கூடத்தில் ஒப்பந்த அடிப்படையில் ஆய்வு செய்கிறார். பெரும்பாலும் ஒன்றிலிருந்து மூன்று ஆண்டுகள். ஒரு விலங்கின் நடை பிடிபடத் தொடங்கும் நேரத்தில் அடுத்த இடத்துக்கு விண்ணப்பம் எழுத உட்கார வேண்டும். அதைப் பற்றிப் புலம்பத் தொடங்கினால் இன்று முடியாது, விடுங்கள்.

ஓடுவதைப் பார்க்கிறோமா? வழக்கமாக வரும் நேயர்களுக்கு நான் என்ன சொல்லப்போகிறேன் என்று இப்போதே தெரிந்திருக்கும். விலங்கைப் பார்க்காதீர்கள், தரையைப் பாருங்கள். கால் தரையைத் தள்ளுகிறது, அதே அளவு விசையோடு தரை காலைத் திருப்பித் தள்ளுகிறது. அந்த விசையை அளக்கத்தான் ஓடுபாதையில் விசைப் பலகையைப் பதிக்கிறோம். நாம் எடை பார்க்கும் கருவியின் கெட்டிக்கார அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். கீழ்நோக்கிய அழுத்தத்தோடு, முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் எவ்வளவு தள்ளல் என்பதையும் சொல்லும்.

கினிக்கோழியை எடுத்துக்கொள்வோம். பலகையின் மேல் ஒரே ஒரு கால் முழுமையாகப் பதிய வேண்டும். இரண்டு காலும் ஒன்றாகப் பதிந்தால் எந்த விசை எந்தக் காலுடையது என்று பிரிக்க முடியாது. விளிம்பில் பட்டாலும் பயனில்லை. பாதி வழியில் பறவை நின்று திரும்பிப் பார்த்தால், அதுவும் போயிற்று. பலகையின் நிறம் பாதையிலிருந்து மாறுபட்டிருந்தால் தாண்டிக் குதித்துவிடும், அதனால் முழுப் பாதைக்கும் ஒரே ரப்பர் விரிப்பு. விலங்கைத் தொடுவதற்கு முன்பே நெறிமுறைக் குழுவின் அனுமதி வாங்கியிருக்க வேண்டும். கேமராவில் பதிந்த பிறகும் நிம்மதி இல்லை. மூட்டின் மேல் ஒட்டிய புள்ளி தோலோடு நகரும், எலும்போடு நகராது. பறவைக்கு முழங்கால் பின்பக்கம் மடங்குகிறது என்பார்கள். நீங்கள் பார்ப்பது கணுக்கால். முழங்கால் மேலே இறகுக்குள் ஒளிந்திருக்கிறது. புள்ளி ஒட்ட அங்கே இடமே கிடைக்காது!

ஆக, சம்பளம் பெரும்பாலும் காத்திருப்பதற்கும், பிறகு கணினித் திரையில் ஃபிரேம் ஃபிரேமாகப் புள்ளிகளைச் சரிபார்ப்பதற்கும்தான். இப்போது அந்தப் புள்ளிகளைக் கண்டுபிடிக்கக் கணினிக்கே கற்றுக்கொடுக்கிறோம். பாதி வேலை குறைந்தது. அது செய்யும் தவறுகளைத் தேடும் வேலை கூடியது.

சரி, நீங்கள் கேட்காத கேள்விக்கு வருகிறேன், கேட்டிருக்க வேண்டியது அதைத்தான். யானை ஓடுமா? ஓட்டம் என்றால் எல்லாக் கால்களும் ஒரு கணமாவது தரையை விட வேண்டும் என்பது பழைய இலக்கணம். குதிரை பாயும்போது நான்கு கால்களும் அந்தரத்தில் இருக்கும் கணம் உண்டு என்று 1878இல் எட்வர்ட் மைபிரிட்ஜ் எடுத்த படங்கள் காட்டின. அங்கே வழக்கு முடிந்தது. யானைக்குப் படம் போதவில்லை. 2003இல் ஜான் ஹட்சின்சன் குழுவினர், தாய்லாந்தில் யானைகளின் மூட்டுகளில் வண்ணப் புள்ளி இட்டுப் படம் பிடித்தார்கள். மணிக்கு ஏறக்குறைய 25 கிலோமீட்டர் வேகத்திலும் நான்கு கால்களும் ஒருசேரத் தரையை விடவில்லை. அப்படியானால் நடைதானே? வேகத்தின் வர்க்கத்தைப் புவியீர்ப்பு முடுக்கத்தாலும் இடுப்பு உயரத்தாலும் வகுத்தால் வருவது ஃப்ரூட் எண். பல விலங்குகள் அது 0.5ஐ நெருங்கும்போது நடையை விட்டு ஓட்டத்துக்கு மாறும். 1ஐத் தாண்டினால் விறைத்த கால்களோடு நடக்கவே இயலாது என்பது கணக்கு. யானைகள் அதையும் தாண்டிப் போயின!

கால் தரையை விடவில்லை, எண்ணோ ஓட்டம் என்கிறது. இனி யாரைக் கேட்பது? தரையைத்தான். பின்னால் வேறொரு குழு யானைகளையே விசைப் பலகைகளின் மேல் நடத்தியது, அந்த முடிவுகள் 2010இல் வெளியாயின. உடலின் எடை மையம் மிகக் குறைவாகவே மேலும் கீழும் அசைகிறது என்று தெரிந்தது. ஆக, கண்ணுக்கு நடையாகத் தெரிவதும் ஃப்ரூட் எண்ணின் கணக்கில் ஓட்டமாக இருப்பதும் ஒரே உடலில் சேரலாம். நடையா ஓட்டமா என்று சண்டை பிடிப்பவர்கள் கால்களை மட்டுமே எண்ணுகிறார்கள் என்பது என் கட்சி.

கணிதத்தை மறந்துவிட்டேனே. வேண்டும். நியூட்டனின் விதிகள், வெக்டர், கொஞ்சம் நுண்கணிதம், ஏதாவது ஒரு நிரல்மொழி. விலங்கியல் படித்தவர்கள் அவற்றை வேலையிலேயே கற்றுக்கொள்கிறார்கள், பொறியியல் படித்து வந்தவர்கள் உடற்கூறைக் கற்றுக்கொள்கிறார்கள். பொறியியல்காரர்களுக்குத்தான் அதிக நாள் பிடிக்கிறது. இதற்குச் சண்டைக்கு வருபவர்கள் கீழே எழுதுங்கள், அடுத்த காணொளியில் பார்ப்போம்.