பொனெட்டில் ஓடும் ஒளிக்கோடு

நேயர்களுக்கு வணக்கம். இரவில் கார்களை வெளிச்சத்தால் தீட்டிப் படமெடுக்கும் முறையைப் பற்றிப் பேசும்படி என்னை அழைத்திருக்கிறார்கள். இருட்டில், கமெராவுக்குள் ஒளியை விடும் கதவான ஷட்டரைப் பல விநாடிகள் திறந்து வைத்து, அந்த நேரத்தில் கையிலுள்ள விளக்கைக் காரின்மேல் ஓட்டுவதே அந்த முறை. படத்தைக் காட்ட வழியில்லாத வானொலியில் இதை எப்படி விளங்கவைப்பது என்று யோசித்தபோது, நம் குசினிகளில் இருக்கும் எவர்சில்வர் செம்புதான் நினைவுக்கு வந்தது. இன்றிரவு குசினியை இருட்டாக்கிவிட்டு, அந்தச் செம்பின்மீது டோர்ச் அடித்துப் பாருங்கள். கண்ணைக் குத்தும் ஒரு புள்ளிதான் தெரியும். பிறகு டோர்ச்சை அணைத்து, சுவரிலுள்ள குழல்விளக்கைப் போடுங்கள். அந்த நீள விளக்கு செம்பின் கழுத்தில் ஒடுங்கி, வயிற்றில் அகன்று, ஒரே கோடாக அடிவரை இறங்கும். செம்பின் உருவத்தை அந்தக் கோடே சொல்லிவிடும்.

காரின் வர்ணப்பூச்சும் அந்தச் செம்பைப் போல ஒரு கண்ணாடிதான். இரவில் காரைப் படமெடுப்பவர் உண்மையில் அதில் தெரியும் விளக்கின் பிம்பத்தையே படமெடுக்கிறார். இது எனக்கு விளங்கப் பல இரவுகள் பிடித்தன. வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கைப் பெரியவர் ஒருவரிடம் ஒரு கறுப்பு மொறிஸ் மைனர் இருந்தது. அதை முதன்முதலில் படமெடுத்த இரவு, கையிலிருந்த சிறிய டோர்ச்சால் பொனெட்டையும் கதவுகளையும் மேலும் கீழுமாகத் தடவினேன். படத்தில் வந்ததெல்லாம், யாரோ வெள்ளை நூலைச் சிக்கலாக அள்ளி வீசியது போன்ற கீறல்கள்தான். அந்தக் காரின் அழகே உருண்டு எழும் மட்காட்டில் இருக்கிறது. அது படத்தில் இல்லவே இல்லை. அடுத்த முறை, நாலடி நீளமான எல்.ஈ.டி. குழல் ஒன்றை ட்ரேசிங் தாளால் சுற்றி, அதன் முதுகில் கறுப்பு அட்டையை ஒட்டி எடுத்துப் போனேன். காருக்கு அப்பால் நின்று, குழலைக் கூரைக்கு மேலே நீட்டி, வெளிச்சம் கீழ்நோக்கி விழும்படி பிடித்துக்கொண்டு, முன்பக்கத்திலிருந்து பின்பக்கம் வரை ஒரே சீரான வேகத்தில் நடந்தேன். ஏறத்தாழ 12 அடி நீளமான அந்தக் காரைக் கடக்க 20 விநாடி எடுத்தது. கமெராவின் பின்திரையில் பொனெட்டின் முதுகில் ஏறி, கூரையில் தவழ்ந்து, பின்னால் வழிந்து இறங்கிய கோட்டைப் பார்த்ததும் பெரியவர் எதுவும் பேசாமல் பொனெட்டைத் தடவிக்கொடுத்தார்.

கமெராவை முக்காலியில் அசையாமல் நிறுத்துங்கள். ஒளியுணர்வைக் குறிக்கும் ஐ.எஸ்.ஓ. 100, லென்ஸில் ஒளி நுழையும் துவாரம் எஃப் 8, ஷட்டர் 30 விநாடி என்று தொடங்கி, வெளிச்சம் போதாவிட்டால், ஷட்டரை நாம் விரும்பும் நேரம்வரை திறந்து வைக்கும் பல்ப் முறைக்கு மாறுங்கள். லென்ஸில் அதிர்வுத் தடுப்பு இருந்தால் அதை நிறுத்திவிடுங்கள். கறுப்புச் சட்டை அணிந்து நகர்ந்துகொண்டே இருப்பவர் மீது வெளிச்சம் படாதவரை அவர் படத்தில் பதியமாட்டார். ஓரிடத்தில் தயங்கி நின்றால் மட்டும், அந்த இடத்தில் கோடு தடித்துவிடும். ஆகவே விளக்கைப் போடுவதற்கு முன், நாலைந்து தடவை வெறுமனே நடந்து பழகுவது நல்லது.

1949இல் ஜோன் மிலி என்ற படப்பிடிப்பாளர், பிக்காசோ சிறு விளக்கொன்றால் இருட்டுவெளியில் உருவங்கள் வரைவதைப் படமெடுத்தார். அங்கே விளக்கு கமெராவைப் பார்த்து எரிந்தது, அதன் தடமே ஓவியமாயிற்று. நம்முடைய வேலையில் விளக்கின் முகம் கமெராவுக்குத் தெரியவே கூடாது, கார்தான் அதைப் பார்க்க வேண்டும். குழலின் முதுகில் அட்டை ஒட்டியது இதற்காகத்தான்.

கொழும்பில் இருட்டைத் தேடிப் பிடிப்பதே பெரும்பாடு. காலிமுகத்திடலில் படமெடுக்கப் பலரும் ஆசைப்படுகிறார்கள். ஆனால் அங்கே நாலாபக்கமும் வெளிச்சம். கடற்காற்றின் உப்பும் சிறிது நேரத்தில் காரிலும் லென்ஸிலும் படிந்துவிடும். ஒழுங்கைகளிலோ தலைக்கு மேலே ஓடும் மின்கம்பிகள் அத்தனையும் காரின் கூரையில் கோடு கோடாகத் தெரியும். மேலே திறந்த வானமுள்ள தனியார் வளவொன்றை, உரிமையாளரின் அனுமதியோடு தேடிக்கொள்வதே சிறந்தது. இன்னொன்று, ஏ.சி. போட்ட வாகனத்திலிருந்து கமெராவை நேரே வெளியே எடுத்தால், நமது ஈரக்காற்றில் லென்ஸ் உடனே பனித்துவிடும். அரைமணி நேரமாவது அது பைக்குள்ளேயே இருந்து வெளிச்சூட்டுக்குப் பழகட்டும். மழை விட்ட இரவு கிடைத்தால் தவறவிடாதீர்கள். ஈரத்தரை காரின் கோட்டை இன்னொரு முறை வரைந்து தரும்.

எல்லாவற்றையும் ஒரே படத்தில் அடக்க வேண்டியதில்லை. கூரைக்கு ஒன்று, பக்கவாட்டுக்கு ஒன்று, சில்லுகளுக்கு ஒன்று என்று, முக்காலியைத் தொடாமல் தனித்தனியே எடுத்து, பிறகு கணினியில் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, ஒவ்வோர் இடத்திலும் மிகப் பிரகாசமான பகுதி மட்டும் நிற்கும்படி சேர்க்கலாம். ஆனால் 20, 30 படங்களை அடுக்கினால் எல்லாப் பக்கமும் ஒரேயளவு மின்னி, கார் விளம்பரப் பொம்மை போலாகிவிடுகிறது. ஐந்தாறு படங்களுக்கு மேல் நான் போவதில்லை; இருட்டுக்கும் கொஞ்சம் இடம் வேண்டும்.

காரின் முன்விளக்குகளைக் கடைசிப் படத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஷட்டர் திறந்திருக்கும்போது ஒருவர் உள்ளே குனிந்து அவற்றை ஒரேயொரு விநாடி போட்டு அணைத்தால் போதும்; அதற்குமேல் எரிந்தால் கண்ணாடியின் வரிகள் வெள்ளையில் கரைந்துவிடும். பெரியவரின் மொறிஸ் மைனருக்கு அதைச் செய்தவர் அவரேதான். சுவிட்சில் விரலை வைத்தபடி, "இப்பவா தம்பி?" என்று இருட்டுக்குள்ளிருந்து கேட்டார்.