றங்குப்பெட்டிக்குள் கிடந்த குளம்

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, ஆசியுரை வழங்கிய சிவாச்சாரியார் அவர்களே, பங்குத்தந்தை அவர்களே, எத்தனையோ வேலைகளை ஒதுக்கிவிட்டு வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பிரதேச செயலாளர் அம்மா அவர்களே, கிராம அலுவலர் தம்பி, தாய்மாரே, பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம். எனக்குத் தமிழ் படிப்பித்த ஓய்வுநிலை அதிபர் ஐயா மூன்றாவது வரிசையில் இருக்கிறார். அவரை மேடைக்கு அழைக்காமல் நான் பேசத் தொடங்கினால் அது சரியாக இராது. ஐயா, தயவுசெய்து வந்து இந்தக் கதிரையில் அமருங்கள். இந்தச் சனசமூக நிலையத்துக்கு 4 பரப்புக் காணியை எழுதிக் கொடுத்த குடும்பத்தின் மூத்த மகளும் வந்திருக்கிறார். அக்கா, உங்கள் ஐயாவின் படம் இன்னும் வாசிகசாலைச் சுவரில்தான் இருக்கிறது. கனடாவிலும் பிரான்சிலும் இருந்து நேரலையில் பார்த்துக்கொண்டிருக்கும் உறவுகளுக்கும் வணக்கம்.

"இணையம்: ஆய்வு, அரச கொள்கை, கருத்துரிமை" என்று அழைப்பிதழில் போட்டிருக்கிறார்கள். மூன்றைப் பற்றியும் பேசுகிறேன். அதற்கு முன்னர் ஒரு பழமொழி. எங்கள் அப்பு வெங்காயத் தோட்டக்காரர். நான் புத்தகத்தோடு திண்ணையில் இருந்தால், துலா மிதித்த களைப்போடு வந்து சொல்லுவார்: "ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது, மோனை." நாற்பது வருடமாக அந்த வார்த்தை என்னை விடவில்லை. இன்றைக்கு அதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறேன்.

எங்கள் ஊர்க் குளத்தின் வடக்குப் பக்கம் வேலி அடைக்கப்பட்டது உங்களுக்குத் தெரியும். யார் அடைத்தது என்று நான் சொல்லப் போவதில்லை. மாரியில் நிரம்பி, நாற்றுமேடைக்குத் தண்ணீர் தந்த குளம் அது. குளத்தின் எல்லை எது என்று ஓர் அலுவலகத்தில் போய்க் கேட்டோம். மூன்று தடவை அலைந்தோம், வாயால் ஒரு பதில் சொல்லி அனுப்பினார்கள். அப்புறம் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுத்தில் விண்ணப்பித்தோம். 14 வேலை நாட்களுக்குள் அவர்கள் முடிவு சொல்லவேண்டும். சொன்னார்கள். "குளத்தின் பழைய அளவு பற்றிய ஆவணம் எம்மிடம் இல்லை." அவ்வளவுதான்.

அந்த நேரத்தில்தான் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் படிக்கும் எங்கள் ஊர்ப் பிள்ளை ஒன்று, ஊர்க் கூட்டுறவுச் சங்கங்களைப் பற்றி ஆய்வு செய்துகொண்டிருந்தது. 1950களில் எங்கள் சங்கம் ஒரு வெள்ளிவிழா மலர் போட்டது என்று அதற்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். வாசிகசாலையில் இருந்த பிரதி 1995 ஒக்டோபர் இடப்பெயர்வோடு போய்விட்டது. நாங்கள் செம்மணி வழியாகச் சனத்தோடு சனமாய் நடந்தபோது யார் மலரைத் தூக்கினார்கள்? குழந்தையைத் தூக்கினோம், காணி உறுதியைத் தூக்கினோம். பிள்ளை வீடு வீடாகப் போய்க் கேட்டது. ஒருவரிடமும் இல்லை. பிறகு ஊர் வட்ஸ்அப் குழுவில் ஒரு வரி எழுதிப் போட்டது.

மறுநாள் விடியற்காலை ரொறன்ரோவிலிருந்து ஒரு பதில் வந்தது. "எங்கட அம்மம்மாவின்ர றங்குப்பெட்டிக்குள்ள இப்பிடி ஒண்டு கிடக்குது, பாருங்கோ." அந்த அம்மம்மா ஊரை விட்டுப் போகும்போது கூறைச் சேலைக்கு அடியில் மலரை வைத்துக்கொண்டு போயிருக்கிறார். அதில் அவருடைய தகப்பனாரின் படம் இருந்ததுதான் காரணம். பேரன் ஒவ்வொரு பக்கமாகக் கைத்தொலைபேசியில் படம் பிடித்து அனுப்பினான். 62 பக்கம். சில பக்கத்தில் அவனுடைய பெருவிரலும் விழுந்திருக்கிறது. சங்கச் செயலாளரின் அறிக்கையில், 37 ஆம் பக்கம், குளம் தூர்வாரிய செலவுக் கணக்கு இருந்தது. வேலை செய்தவர்களின் பெயர், ஆளுக்குக் கொடுத்த கூலி, குளத்தின் பரப்பு, நாலு எல்லை. வடக்கு எல்லை ஒரு மருதமரம் என்று எழுதியிருக்கிறது. மரம் இன்னும் நிற்கிறது, இப்போது வேலிக்கு உள்ளே! அந்தப் பக்கத்தை அச்சடித்து மனுவோடு இணைத்துக் கொடுத்தோம். நில அளவையாளர் வந்து அளந்துவிட்டுப் போயிருக்கிறார். முடிவு இன்னும் வரவில்லை. ஆனால் இப்போது எங்கள் கையில் ஒரு கடதாசி இருக்கிறது. அப்பு, ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவும். அந்த ஏடு கைக்கு எட்ட வேண்டும், அவ்வளவுதான்.

ஆய்வு என்ற முதலாவது விடயத்தில் நான் சொல்ல வந்தது இதுதான். எங்கள் சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை, தொட்டால் உதிரும் ஓலைச்சுவடிகளைத் தேடி எடுத்து 1881 இல் வீரசோழியத்தையும் 1887 இல் கலித்தொகையையும் அச்சேற்றினார். ஓலையிலிருந்து தாளுக்கு மாற்றும் வேலையை எங்கள் மண்ணின் மனிதர்கள் முன்னின்று செய்தார்கள். தாளிலிருந்து இணையத்துக்கு மாற்றும் வேலை எங்கள் தலைமுறைக்கு வந்திருக்கிறது. 2003 இல் தமிழ் விக்கிப்பீடியா தொடங்கியபோது அதைக் கட்டி எழுப்பியவர்களில் முதன்மையானவர் வண்ணார்பண்ணையில் பிறந்த இ. மயூரநாதன். 2005 இல் தொடங்கிய நூலகம் திட்டம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் பத்திரிகைகளையும் மலர்களையும் மின்வடிவாக்கி எவரும் காசில்லாமல் வாசிக்க வைத்திருக்கிறது. முந்தி ஒரு பழைய இதழைப் பார்க்க ஆய்வு மாணவர் கொழும்புக்குப் போகவேண்டும், சிலவேளை இலண்டனுக்கே போகவேண்டும். இன்று பருத்தித்துறையில் வீட்டில் இருந்தே பார்க்கிறார்.

நான் குறிப்பாகச் சொல்ல விரும்புவது கல்வெட்டுகளைப் பற்றி. கோவில் கல்லில் வெட்டியதைச் சொல்லவில்லை. இறந்தவருக்கு அந்தியேட்டிக் கிரியை செய்யும் அன்று கொடுக்கிறோமே, அந்தச் சிறிய புத்தகம். பூட்டன் காலம் முதல் வம்ச விபரம், மலாயாவுக்குப் போய் ஓய்வூதியத்தோடு திரும்பியவர் கதை, எந்தப் பள்ளிக்கூடம், எந்தச் சங்கம், எல்லாம் அதில் இருக்கும். உலகத்தில் எத்தனை சமூகங்கள் சாதாரண மனிதருக்கு இப்படி வாழ்க்கை வரலாறு எழுதி அச்சடித்து வைத்திருக்கின்றன? அதைப் பத்து வருடத்தில் கறையானுக்குக் கொடுத்துவிடுகிறோம். போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது அப்பியாசக் கொப்பித் தாளில் அச்சான பத்திரிகைகளும் அப்படித்தான். கோடு போட்ட தாளில் செய்தி வாசித்த தலைமுறை நாங்கள். அந்தத் தாள் இப்போது மடித்தால் முறிகிறது.

சரி, அரச கொள்கை. சட்டமூலமும் வர்த்தமானியும் இன்று இணையத்தில் வருகின்றன, நல்லது. சுன்னாகம் நிலத்தடி நீரில் எண்ணெய் கலந்த வழக்கில் 2019 இல் உயர் நீதிமன்றம் கொடுத்த ஆங்கிலத் தீர்ப்பையும் இணையத்தில் எவரும் படிக்கலாம். கிணற்றில் எண்ணெய் மிதந்த வீட்டு ஆச்சிக்கு அதைத் தமிழில் யார் சொல்வது? தமிழில் வருகிற ஆவணங்களிலும் ஒரு சங்கடம். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்து ஏற்றியிருந்தால், கண்ணுக்குத் தமிழ், கணினிக்கு ஆங்கில எழுத்து. பாமினியில் 'க' என்பது ஆங்கில 'எஃப்' இருக்கும் இடத்தில் இருக்கிறது. நீங்கள் 'கல்வி' என்று தேடினால் ஒன்றும் கிடைக்காது. எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக்குறி முறையான யூனிகோட்டில் தமிழ் 1991 இலேயே வந்துவிட்டது. பிரதேச செயலாளர் அம்மா, உங்கள் அறிவித்தல்கள் யூனிகோட்டில் வர வேண்டும் என்று ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். தேட முடியாத ஏடுதான் உண்மையான ஏட்டுச் சுரைக்காய்.

மூன்றாவது, கருத்துரிமை. 1981 இல் எங்கள் யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்தன. அதே நாட்களில் ஈழநாடு பத்திரிகை அலுவலகமும் எரிந்தது. 2000 ஒக்டோபரில் பத்திரிகையாளர் மயில்வாகனம் நிமலராஜன் தன் வீட்டிலேயே கொல்லப்பட்டார். இணையம் வந்தபின் அச்சகத்தை எரித்துச் செய்தியை நிறுத்த முடியாது. ஆனால் 2018 மார்ச்சிலும் 2019 ஏப்ரலிலும் 2022 ஏப்ரலிலும் சமூக ஊடகங்கள் ஓர் உத்தரவில் நின்றுபோயின. 2024 இல் வந்த நிகழ்நிலைக் காப்புச் சட்டமோ, எது பொய்க் கூற்று என்று முடிவு செய்யும் அதிகாரத்தை ஐந்து பேர் கொண்ட ஓர் ஆணைக்குழுவிடம் கொடுக்கிறது. எனக்கு இது அச்சம் தருகிறது. இதன் சட்ட நுணுக்கங்களைச் சட்டத்தரணிகள் ஒரு தனிக் கூட்டம் வைத்துப் பேச வேண்டும். தலைவர் மணிக்கூட்டைப் பார்க்கிறார், எனக்கோ இன்னும் பெட்டி விடயம் முடியவில்லை.

ஒரே இடத்தில் ஒரே பிரதி இருந்ததால்தான் 1981 இல் அவ்வளவு இழந்தோம். ஆகையால் என் வேண்டுகோள் இது. வருகிற ஞாயிறு காலை 8 மணிக்கு வாசிகசாலையில் ஒரு மேசை போட்டிருப்போம். ஸ்கானர் ஒன்று பிரான்சில் இருக்கும் உறவினர் வாங்கித் தந்திருக்கிறார். உயர்தரம் எழுதிவிட்டு இருக்கும் ஆறு பிள்ளைகள் பெயர் கொடுத்திருக்கிறார்கள். உங்கள் வீட்டு மலர், கல்வெட்டு, பழைய பத்திரிகை, தேர்த்திருவிழா நோட்டீஸ், எது என்றாலும் கொண்டுவாருங்கள். அன்று மாலையே திருப்பித் தருவோம். ஒரு பிரதி நூலகம் திட்டத்துக்குப் போகும், ஒரு பிரதி இங்கே இருக்கும், ஒன்று உங்களுக்கு. கட்டை அவிழ்க்காதீர்கள், தூசு தட்டாதீர்கள், நைந்த ஒற்றையை ஒட்ட வேண்டாம். அப்படியே ஒரு துணியில் சுற்றிக் கொண்டுவாருங்கள். வர முடியாத ஆச்சிமார் கிராம அலுவலர் தம்பியிடம் சொல்லிவிட்டால், பிள்ளைகள் சைக்கிளில் வீட்டுக்கே வருவார்கள். வணக்கம்.