ஒரே கிளாஸ், இரண்டு லைப்ரரிகள்: செய்திச் செயலியின் பில்ட் பிழையை வேரிலிருந்து தீர்ப்பது

[திரையில்: ஆண்ட்ராய்டு ஸ்டூடியோவின் பில்ட் சாளரம், சிவப்பு எழுத்துகளில் பிழைச் செய்திகள்]

வணக்கம். இந்த வீடியோவுக்காகவே எழுதிய ஒரு சிறிய செய்திச் செயலியின் பில்டை, அதாவது குறியீட்டைத் தொகுத்துச் செயலியாக்கும் வேலையைத் திரையில் பார்க்கிறீர்கள். அதுவரை ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த இந்தச் செயலியில், உரையாடல்களைச் சர்வரில் சேமிப்பதற்காகக் கூகுளின் ஃபயர்ஸ்டோர் தரவுத்தள லைப்ரரியை ஒரே ஒரு வரியில் சேர்த்தவுடன், "டூப்ளிகேட் கிளாஸ்" (ஒரே பெயருள்ள குறியீட்டுப் பகுதி இருமுறை வந்துள்ளது) என்று தொடங்கும் பிழைகள் நூற்றுக்கணக்கில் வந்து குவிந்தன. எல்லா வரிகளிலும் இரண்டு பெயர்கள் திரும்பத் திரும்ப வருவதைக் கவனியுங்கள்: ஒன்று புரோட்டோபஃப்-ஜாவா, மற்றொன்று புரோட்டோபஃப்-ஜாவாலைட்.

செய்திகளைச் சுருக்கமான பைட்டுகளாக்கி அனுப்பவும், வந்த பைட்டுகளை மீண்டும் செய்தியாகப் பிரிக்கவும் பயன்படுவது புரோட்டோபஃப். அதன் முழு வடிவம் சர்வர்களுக்கு ஏற்றது. லைட் வடிவம் அளவில் சிறியது என்பதால் கைப்பேசிகளுக்கு உரியது. இரண்டிலும் பல கிளாஸ்களுக்கு ஒரே பெயர்தான். ஒரு லைப்ரரியின் இரு பதிப்புகள் மோதினால், பில்டை நடத்தும் கருவியான கிரேடில் தானாகவே உயர்ந்த பதிப்பைத் தேர்ந்தெடுத்துவிடும்; ஆனால் இங்கே லைப்ரரிகளின் பெயர்களே வேறு வேறாக இருப்பதால் அது மோதலாகவே கண்ணில் படுவதில்லை. ஒரே ஆள் இரண்டு பெயர்களில் ரேஷன் அட்டை வைத்திருந்தால், பெயரை மட்டும் பார்க்கிறவருக்கு அது தெரியாதல்லவா? கிரேடிலின் நிலையும் அதுதான்.

[திரையில்: டெர்மினலில் டிபென்டன்சிகளின் மரம் விரிகிறது]

எந்தக் கிளாஸ் மோதியது என்பதைப் பிழைச் செய்தி சொல்லும். அதை உள்ளே கொண்டுவந்தது யார் என்று சொல்லாது. அதற்குக் கிரேடிலின் "டிபென்டன்சீஸ்" பணியை இயக்கி, எந்த லைப்ரரி எதை உள்ளே இழுக்கிறது என்று காட்டும் டிபென்டன்சி மரத்தைப் பார்க்க வேண்டும். இந்தச் செயலியில் லைட் வடிவம் ஃபயர்ஸ்டோர் வழியாகவும், முழு வடிவம் நாம் முன்பே சேர்த்திருந்த ஒரு பழைய மறையாக்க லைப்ரரி வழியாகவும் வந்திருக்கின்றன.

இந்த இடத்தில் பலரும் "எக்ஸ்க்ளூட்" வரி ஒன்றை எழுதி முழு வடிவத்தை நீக்கிவிட்டு வேலை முடிந்ததாக நினைத்துக்கொள்கிறார்கள். பில்ட் வெற்றி பெறும் என்பது உண்மைதான். ஆனால் அந்த மறையாக்க லைப்ரரிக்குள் இருக்கும் கிளாஸ்கள் "ஜெனரேட்டட்மெசேஜ்வி3" என்ற அடிப்படைக் கிளாஸை நம்பி எழுதப்பட்டவை. லைட் வடிவத்தில் அந்தக் கிளாஸ் கிடையாது. ஆகவே செயலி திறக்கும், தொடர்புப் பட்டியல் வரும், மறையாக்கப்பட்ட முதல் செய்தியைத் தொட்ட கணத்தில் "நோகிளாஸ்டெஃப்ஃபவுண்ட்" பிழையோடு மூடிக்கொள்ளும். நம் மேசையில் வந்திருக்க வேண்டிய பிழையைப் பயனரின் கைக்குத் தள்ளிவிடும் திருத்தத்தை நான் திருத்தமாகவே கருதுவதில்லை.

லைட் வடிவத்தைக் கொண்டு உருவாக்கப்பட்ட புதிய பதிப்புக்கு மறையாக்க லைப்ரரியை மாற்றுவதே சரியான வழி. நம் செயலியிலேயே செய்திகளின் வடிவத்தை வரையறுக்கும் புரோட்டோ கோப்புகள் இருந்தால், புரோட்டோபஃபின் கிரேடில் ப்ளக்இன்னில் "லைட்" விருப்பத்தைக் குறிப்பிட்டு, அவற்றிலிருந்து ஜாவா குறியீட்டை மறுபடியும் உருவாக்க வேண்டும்.

இதற்குப் பின்னும் ஒரு பள்ளம் காத்திருக்கிறது. நாம் சோதிக்கும் டீபக் பில்டில் சரியாக ஓடும் செயலி, பயனர்களுக்கு வெளியிடும் ரிலீஸ் பில்டில் "ஃபீல்டு கிடைக்கவில்லை" என்று விழக்கூடும். லைட் வடிவம் ஃபீல்டுகளைப் பெயரைக் கொண்டு தேடுகிறது. ரிலீஸ் பில்டைச் சுருக்கும் ஆர்8 கருவியோ அந்தப் பெயர்களை மாற்றிவிடுகிறது. "ஜெனரேட்டட்மெசேஜ்லைட்" கிளாஸிலிருந்து பிறக்கும் கிளாஸ்களின் ஃபீல்டுகளை அப்படியே விட்டுவைக்கும்படி ஒரு கீப் விதி எழுதினால் இது தீரும்.

[திரையில்: ஏபிகே கோப்பின் உள்ளே லிப் கோப்புறை]

ஜாவா குறியீட்டைத் தாண்டி, சி மொழியில் எழுதப்பட்ட நேட்டிவ் லைப்ரரிகளையும் பார்த்துவிடுவோம். நினைவகத்தைக் கைப்பேசி பக்கங்கள் எனும் சம துண்டுகளாகப் பிரித்துக் கையாளுகிறது. முன்பு ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் ஒரு பக்கம் 4 கேபி அளவுடையது. ஆண்ட்ராய்டு 15 முதல் 16 கேபி பக்க அளவுள்ள கருவிகளுக்கும் ஆதரவு உண்டு. ஆண்ட்ராய்டு 15-ஐயோ அதற்கு மேற்பட்ட பதிப்பையோ இலக்காகக் கொண்ட புதிய செயலிகளும் புதுப்பிப்புகளும் இதற்குப் பொருந்த வேண்டும் என்ற விதியைக் கூகுள் ப்ளே 2025 நவம்பர் 1 முதல் கொண்டுவந்தது. நீங்களே தொகுக்கும் லைப்ரரியானால், நேட்டிவ் குறியீட்டைத் தொகுக்கும் ஆண்ட்ராய்டு கருவித்தொகுப்பான என்டிகேயின் ஆர்28 பதிப்பு இயல்பாகவே 16 கேபி சீரமைப்பைச் செய்துவிடும்.

பிறர் தொகுத்த லைப்ரரிக்கு ஓர் எடுத்துக்காட்டு: செய்தித் தரவுத்தளத்தை மறையாக்கும் எஸ்க்யூஎல்சைஃபரின் பழைய ஆண்ட்ராய்டு லைப்ரரிக்குப் பதிலாக இப்போது வேறு பெயரில் புதிய லைப்ரரி இருக்கிறது. அதற்கு மாறும்போது இம்போர்ட் வரிகளைத் திருத்துவதோடு, நேட்டிவ் லைப்ரரியை ஏற்றும் "சிஸ்டம் லோட்லைப்ரரி" அழைப்பையும் நீங்களே எழுத வேண்டும். அதை மறந்தால் தரவுத்தளம் திறக்கும் முன்பே "அன்சாட்டிஸ்ஃபைட்லிங்க்" பிழை வரும்.

இனி 16 கேபி எமுலேட்டர் (கணினியில் இயங்கும் மாதிரிக் கைப்பேசி) ஒன்றைத் திறந்து, அதற்குக் கட்டளை அனுப்பும் ஏடிபி ஷெல்லில் பக்க அளவைக் கேட்டுப் பாருங்கள். 16384 (பைட்டுகளில் 16 கேபி) என்று விடை வர வேண்டும். அதில் ரிலீஸ் பில்டை நிறுவி, பழைய பதிப்பில் சேமித்திருந்த ஓர் உரையாடலைத் திறந்து, அதற்கு ஒரு பதில் அனுப்பிப் பாருங்கள்.