ஹார்வர்ட் ஸ்டேடியம் பழசுதான், அதுக்கு என்ன இப்போ?

வணக்கம் மக்களே, இன்னிக்கு செம்ம கடுப்புல இருக்கேன். போன வீடியோல அமெரிக்கால ஹார்வர்ட் யூனிவர்சிட்டியோட ஃபுட்பால் ஸ்டேடியத்த காமிச்சேன்ல, கமெண்ட் பூரா "ப்ரோ, வெறும் 30,000 சீட்டுக்கா இவ்ளோ பில்டப்பு, மிச்சிகன் யூனிவர்சிட்டி ஸ்டேடியம் போய்ப் பாருங்க, லட்சம் பேருக்கு மேல உக்காரலாம்"னு ஒரே நக்கல்.

சரி, மொதல்ல குஷன் மேட்டர சொல்லிடறேன். அங்க சீட்டுன்னா சேர் கிடையாது, கான்கிரீட் படிதான். குளிர்ல உக்காந்தா இடுப்புக்குக் கீழ ஒண்ணுமே தெரியாது. மேட்ச் பாக்க குஷன் வாங்கலாம்னு போனா 20 டாலராம்! நான் வாங்குவேனா? என்னப் பத்தி உங்களுக்கே தெரியும். பழைய சாமான் கடைல 2 டாலருக்கு ஒரு யோகா மேட், அத ரெண்டா வெட்டி ஒண்ணு உக்கார, ஒண்ணு கால் வைக்க. பின்னாடி உக்காந்திருந்த பெரியவரு எட்டிப் பாத்து "எங்கப்பா வாங்குன?"னு கேட்டாரு. மேட்ச விட அதான் எனக்கு சந்தோஷம்.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். இந்த ஸ்டேடியத்த 1903ல கட்டினாங்க, ஒரு பக்கம் தொறந்த குதிரை லாடம் ஷேப்ல. அந்தக் காலத்துல காலேஜ் மைதானம்னா மரப்பலக கேலரிதான், இவ்ளோ பெருசா கம்பி கட்டி கான்கிரீட் போட்டதே புதுசு. திறந்து மொத மேட்ச், டார்ட்மத் காலேஜ் கூட, 11-0ன்னு ஹார்வர்ட் தோத்துட்டாங்க, அத விடுங்க.

மெயின் கதை 1905. ஃபுட்பால்னா நம்மூரு ஃபுட்பால் இல்ல, அந்த முட்ட ஷேப் பந்து ஆட்டம், அமெரிக்கன் ஃபுட்பால். அப்பல்லாம் பந்த முன்னாடி வீசவே கூடாது, கையில வச்சுக்கிட்டு கும்பலா முட்டி மோதிதான் போகணும். அந்த ஒரு சீசன்லயே 15 பேருக்கு மேல செத்தாங்க. அமெரிக்க பிரசிடென்ட் தியோடர் ரூஸ்வெல்ட்டே, அவரும் ஹார்வர்ட்ல படிச்சவர்தான், காலேஜ் ஆளுங்கள வெள்ளை மாளிகைக்கு கூப்ட்டு பேசினாரு. உடனே யேல் யூனிவர்சிட்டில இருந்து வால்டர் கேம்ப், இந்த ஆட்டத்தோட ரூல்ஸ் போடுறதுல பெரிய ஆளு, மைதானத்த இன்னும் 40 அடி அகலமாக்கிடலாம், ஆளுங்க விலகி ஓட எடம் கெடைக்கும்னாரு. ஆனா ஹார்வர்ட்ல எங்க அகலமாக்குறது? ரெண்டு பக்கமும் அசைக்க முடியாத கான்கிரீட்டு! மரமா இருந்தா பேத்து நகத்தியிருப்பாங்க. அந்த ஐடியா ஊத்திக்கிச்சு, 1906ல பந்த முன்னாடி வீசலாம்னு ரூல மாத்துனாங்க. இன்னிக்கு டிவில ஃபார்வர்ட் பாஸ் பாத்து கத்துறீங்களே, அதுல இந்தக் கான்கிரீட்டுக்கும் பங்கு இருக்கு!

அய்யோ, காசு யாரு குடுத்தாங்கன்னு சொல்லவே இல்லல்ல? மொத்த செலவு 3 லட்சம் டாலர் சொச்சம், அதுல 1 லட்சம் 1879 பேட்ச் பழைய மாணவங்க குடுத்தது. அப்புறம் மேல ஒரு தூண் வரிச தெரியுது பாருங்க, அது 1910ல சேத்தது. தொறந்த பக்கத்தையும் இரும்பு கேலரி வச்சு அடச்சாங்க, 57,000 பேரு வரைக்கும் உக்காந்தாங்க, 1951ல கழட்டிட்டாங்க. கழட்டினதே நல்லது, எனக்கு லாடம் ஷேப்தான் புடிக்கும், மூடின கிண்ணமே எனக்கு ஆகாது.

மேட்ச் இல்லாத நாள்ல 37 சீட்டு பிளாக்கையும் ஏறி எறங்கி ஓட ஒரு கும்பல் வருது. நானும் ட்ரை பண்ணேன், பாதிலயே மூச்சு வாங்கிருச்சு, அந்த கிளிப்ப போட மாட்டேன், கேக்காதீங்க.

அடுத்த வீடியோ யேல் பவுல், யேலோட ஸ்டேடியம், 1914ல கட்டினது, முழு கிண்ணம், கண்டிப்பா திட்டத்தான் போறேன். அங்க பார்க்கிங் எவ்ளோன்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க, 10 டாலருக்கு மேலன்னா நான் ட்ரெயின்தான்.