கால் போன வழி

நேயர்களுக்கு வணக்கம்.

திருநெல்வேலி மாவட்டத்துப் பாபநாசத்தில் கோயிலுக்கு எதிரே இருக்கும் தாமிரபரணிப் படித்துறையில் இறங்கி, முழங்கால் வரை நனைத்துக்கொண்டு, அப்புறம்தான் சைக்கிளில் ஏறுவேன். பல வருஷமாக இதுதான் வழக்கம். அங்கிருந்து நிமிர்ந்து பார்த்தால் பொதிகை மலை. மேலே காரையாற்றுக்குப் போகும் சாலை களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் நுழைகிறது. அது சிறுத்தைக்கும் சிங்கவால் குரங்குக்கும் உரிய இடம், அந்தப் பக்கம் நான் வண்டியைத் திருப்புவதில்லை. நான் போவது கிழக்கே, ஆறு போகிற திசையில்.

தாமிரபரணி சுமார் 125 கிலோமீட்டர் ஓடி, புன்னைக்காயலில் கடலோடு கலக்கிறது. வழியில் எட்டு அணைக்கட்டுகள். கோடைமேலழகியானில் தொடங்கி ஸ்ரீவைகுண்டம் வரை. ஒவ்வொன்றிலிருந்தும் கால்வாய்கள் பிரிகின்றன. எங்கள் பக்கம் கால்வாயைக் 'கால்' என்றே சொல்வோம். இந்தக் கால்களின் கரையில் ஒரு மண்பாதை எப்போதும் உண்டு. மடை திறக்கப் போகிறவர்களும் மாடு ஓட்டிப் போகிறவர்களும் நடந்து நடந்து உண்டான பாதை. என் சவாரி அந்தப் பாதையில்தான்.

"மலையில் ஓட்டவேண்டிய வண்டியை வயக்காட்டில் ஓட்டுகிறீர்களே?" என்று நிறையப் பேர் கேட்பார்கள். ஊர்ப்பக்கம் இதற்குப் பெயர் கியர் சைக்கிள், கடையில் மவுண்டன் பைக் என்பார்கள். கால்வாய்க் கரையில் ஒரு நாள் ஓட்டினால் காரணம் புரிந்துவிடும். இரண்டே கால் அங்குல அகலத்துக்குப் பட்டை பட்டையாக வெட்டிய டயர், முன்பக்கம் அதிர்ச்சியைத் தாங்கும் ஃபோர்க், டிஸ்க் பிரேக், ஏற்றத்துக்கென்று சின்ன கியர் எல்லாமே அங்கே வேலைக்கு வரும். மாட்டுக்குளம்பு பதிந்து காய்ந்த களிமண் கருங்கல்லைப் போல இருக்கும். மதகுக்கு மேலே கல்பலகை துருத்திக்கொண்டு நிற்கும். தார்ச்சாலையில் வைக்கும் காற்றோடு வந்தால் எலும்பெல்லாம் குலுங்கிவிடும். கரையில் இறங்கும்போது 25, 30 பி.எஸ்.ஐ. அளவுக்குக் காற்றைக் குறைத்துக்கொள்வேன். டயர் மண்ணைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும்.

ஆனால் இந்தப் பாதையின் சுகமே வேறு. தண்ணீர் தானாக ஓடவேண்டும் என்று, கண்ணுக்கே தெரியாத சரிவில் வெட்டியிருக்கிறார்கள். நாமும் அதே சரிவில் போகிறோம். மூச்சு வாங்காது. ஏறி இறங்கவேண்டிய மேட்டையெல்லாம் கால்வாய் சுற்றி வளைத்துக்கொண்டு போய்விடும். கல்லிடைக்குறிச்சிப் பக்கம் பிரியும் கன்னடியன் கால்வாயைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். கன்னட தேசத்துப் பிரம்மச்சாரி ஒருவர், அகத்தியர் சொன்னபடி, ஒரு பசு நடந்து போன வழியே இந்தக் கால்வாயை வெட்டினாராம். கதையாகத்தான் கேட்டிருந்தேன். சைக்கிளில் போனபோது அந்த வளைவுகளைப் பார்த்து உண்மையிலேயே ஒரு பசுவின் பின்னால் போவதுபோல இருந்தது. மேடு வந்தால் ஒதுங்குகிறது, பள்ளம் கண்டால் மெல்ல இறங்குகிறது, அவசரமே இல்லை.

பேருந்தில் போகிறவருக்குக் கல்லிடைக்குறிச்சி என்றால் ஒரு நிறுத்தம், அப்பளக் கடைகள். ஆற்றுப்பக்கமிருந்து வந்தால் முதலில் படித்துறை, கல்மண்டபம், அப்புறம் கோயில், அதற்கப்புறம்தான் தெரு. ஊர் ஏன் அங்கே இருக்கிறது என்பது இந்த வரிசையிலேயே தெரிந்துவிடும். தண்ணீர் முதலில் வந்தது, வயல் வந்தது, ஊர் வந்தது. சாலை நேற்று வந்தது. இந்த ஊர்க் குலசேகரமுடையார் கோயிலில் 1982-இல் திருடுபோன நடராசர் ஆஸ்திரேலியாவில் ஓர் அருங்காட்சியகத்தில் இருந்து 2019-இல் திரும்பி வந்தார். முப்பத்தேழு வருஷம். அவர் இருக்கும் தெருவில் சைக்கிளை உருட்டிக்கொண்டுதான் போவேன், ஓட்ட மனசு வராது.

வீரவநல்லூர் தாண்டி ஒரு கரையில் எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். பிசானப் பருவ நெல் அறுப்பு முடிந்த சமயம், வெயில் ஏறிக்கொண்டிருந்தது. பின்சக்கரம் திடீரென்று அன்னநடை போட்டது. இறங்கிப் பார்த்தால் சீமைக்கருவேல முள், ஒன்றல்ல, நாலு. கரையில் வெட்டிப் போட்ட கிளை மேல் ஏறியிருக்கிறேன். வயலில் வாத்து மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் கம்பை ஊன்றிக்கொண்டு வந்தார்.

"என்ன தம்பி, காத்து போயிட்டா? டியூபைக் கழட்டி கால்ல முக்குங்க, எங்க ஓட்டைன்னு அதுவே சொல்லும்லா."

கன்னடியன் தண்ணீரில் டியூபை முக்கினோம். நாலு இடத்தில் கொப்புளம் விட்டது. அவர் ஒவ்வொன்றையும் விரலால் அமுக்கிப் பிடித்துக்கொள்ள, நான் உரசி ஒட்டினேன். டயரின் உள்பக்கம் கையை விட்டுத் தடவி, முறிந்து நின்ற முள்நுனி ஒன்றையும் அவரே நகத்தால் பிடுங்கினார். அதைப் பிடுங்காமல் மாட்டியிருந்தால் நூறு அடிகூடப் போயிருக்க முடியாது. அன்றைக்கு முதல் டயருக்குள் ஓட்டை அடைக்கும் பால்போன்ற திரவம் ஊற்றித்தான் கிளம்புகிறேன். ஆனாலும் உள்பக்கம் தடவிப் பார்க்கும் பழக்கம் அவர் கொடுத்தது.

வீரவநல்லூரிலிருந்து வடக்கே திரும்பினால் திருப்புடைமருதூர். இந்தப் பயணத்தில் ஒரே ஓர் ஊருக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் இங்கே போங்கள். கடனா ஆறு தாமிரபரணியில் சேரும் இடம். ஆற்றங்கரை மருதமரங்களில் கொக்கும் நாரையும் கூடு கட்டும். 2005-இல் இதைப் பறவைகள் பாதுகாப்பகமாக அறிவித்தார்கள், நாட்டிலேயே இந்த வகையில் முதலாவது. நாறும்பூநாதர் கோயிலில் லிங்கம் ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். ஆற்றில் வெள்ளம் போகையில் அக்கரையில் நின்று கருவூர்ச் சித்தர் கூப்பிட்டது கேட்கவேண்டும் என்று சாமி தலையைச் சாய்த்தாராம். படித்துறையில் நின்று அந்த அகலத்தைப் பார்த்தால், அது எவ்வளவு அன்பான கதை என்று தோன்றும்.

கோபுரத்துக்குள் மரப்படியில் ஏறவேண்டும், கோயிலில் அனுமதி கேட்டுக்கொண்டு. ஐந்து நிலைகள். ஒவ்வொன்றிலும் செதுக்கிய மரத்தூண்கள், சுவர் முழுக்க மூலிகை வண்ண ஓவியங்கள். ஓரிடத்தில் ஒரு கப்பல். அதற்குள் குதிரைகள். கடல் கடந்து வந்த குதிரைகளை இந்த நெல் ஊரில் ஒருவர் உட்கார்ந்து வரைந்திருக்கிறார். வேறொரு சுவரில் படை நகர்கிறது, யானையும் வேலும் நெருக்கி அடித்துக்கொண்டு. சிறிய சாளரம் வழியாக வருகிற வெளிச்சம்தான் விளக்கு. கண் பழகப் பழக ஒவ்வொரு முகமாக வெளியே வரும். தயவுசெய்து சுவரைத் தொடாதீர்கள். பேர் கீறி வைத்திருப்பதைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரிகிறது.

சேரன்மகாதேவிக்கு வந்தால் இன்னொரு வரலாறு. வ.வே.சு. ஐயர் நடத்திய குருகுலமும், அங்கே பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிப்பந்தி போட்டதால் 1920-களில் தமிழ்நாடு முழுக்க எழுந்த சண்டையும் இந்த ஊரில்தான் நடந்தன. அதிலிருந்து கொஞ்ச தூரம் பத்தமடை. ஆற்றங்கரைக் கோரையை வெட்டி, காயவைத்து, ஓடும் தண்ணீரில் நாள்கணக்கில் ஊறப்போட்டு, பிறகு ஒவ்வொரு தட்டையையும் கத்தியால் இழை இழையாகக் கிழிக்கிறார்கள். ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். அந்த அம்மா இழையைக் கையில் எடுத்ததும் விரல் நுனியில் உருட்டிப் பார்க்கிறார், தடிப்பாகப் பட்டால் ஒதுக்கிவிடுகிறார். பார்வை எங்கள் பக்கமே இருக்கிறது, விரல்தான் பார்க்கிறது. பட்டுப்பாய் என்று சொல்லும் ரகத்தைக் கைக்குட்டைபோல மடித்துவிடலாம். சைக்கிள் பையில் ஒன்று வாங்கி வைத்தால் எடையே தெரியாது. பேரம் பேசாதீர்கள், ஒரு பாய்க்குள் எத்தனை நாள் இருக்கிறது என்று கேளுங்கள்.

திருநெல்வேலிக்குக் கீழே, இரண்டாம் நாள், வெயில் கூடும், நிழல் குறையும், வேகமாகப் போய்விடலாம். ஆதிச்சநல்லூரில் மட்டும் இறங்குங்கள். நூறு வருஷத்துக்கும் முன்னால் தொல்லியலாளர் அலெக்ஸாண்டர் ரீ தோண்டிய பரம்பு, அதாவது மேட்டு நிலம், அது. இப்போது முதுமக்கள் தாழிகளை எடுத்த குழியிலேயே கண்ணாடி வழியாகப் பார்க்கலாம். ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி, பிறகு கொற்கை. பாண்டியரின் முத்துத் துறைமுகம் இன்று கடலைவிட்டு உள்ளே தள்ளி, வாழைத்தோட்டத்துக்கு நடுவே இருக்கிறது. ஆறு கொண்டுவந்த மண்தான் கடலைத் தள்ளிவிட்டது.

2023 டிசம்பர் வெள்ளத்துக்கு அப்புறம் இந்தக் கீழ்ப்பகுதியில் நான் ஓட்டிப்போன நாள் மறக்காது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. எனக்கு மனப்பாடமான கரைகள் பல இடங்களில் இல்லவே இல்லை. சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு, உடைப்புக்குள் இறங்கி ஏறினேன். வாழையெல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து கிடந்தது. மண்மூட்டை அடுக்கிக்கொண்டிருந்த ஆட்களில் ஒருவர், "மேல போகாதீங்க, ஈரம் இன்னும் இளகுது" என்று கையைக் காட்டி நிறுத்தினார். கரை நடப்பதற்காகப் போட்டதல்ல, தண்ணீரைத் தாங்கப் போட்டது. அதனால்தான் மழை பெய்து மூன்று நாளைக்கு எந்தக் கரையிலும் டயரை வைப்பதில்லை. நனைந்த மண்ணில் ஒரு தடம் விழுந்தால் அடுத்த மழை அந்தத் தடத்தில்தான் வழி தேடும்.

நீங்கள் போவதானால் பிப்ரவரியில் போங்கள். தண்ணீர் கொஞ்சம் ஓடும், கரை காய்ந்திருக்கும், வயலில் வாத்துகள் இருக்கும். எதிரே மாடு வந்தால் இறங்கி ஓரமாக நில்லுங்கள். மடை பார்க்கிறவர் வந்தால் வழி விட்டு, வணக்கம் சொல்லி, இந்தக் கால் எந்தக் குளத்துக்குப் போகிறது என்று கேளுங்கள். கையை நீட்டிக் காட்டுவார். அந்தப் பக்கம் வண்டியைத் திருப்புங்கள்.

வணக்கம்.