கட்டின கயிறு கட்டினபடி இருக்காது

வணக்கம். லாரிகளில் சரக்கு சரிந்து நடக்கிற விபத்துகளைப் பற்றிப் பேச வருகிறீர்களா என்று வானொலி நிலையத்திலிருந்து கூப்பிட்டார்கள். அதில் என்னுடைய தப்பும் ஒன்று இருக்கிறதே, அதையும் சொல்லலாமா என்று கேட்டேன். தாராளமாகச் சொல்லுங்கள் என்றார்கள். அதனால் அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

நான் சங்ககிரிக்காரன். எங்கள் பக்கம் வீட்டுக்கு ஒருத்தராவது லாரியில் இருப்பார். ஓட்டுநராக, இல்லாவிட்டால் பட்டறையில், அதுவும் இல்லாவிட்டால் புக்கிங் ஆபீஸில். 1994-இல் சென்னையில் ஒரு கிடங்கில் ஜி.ஐ. பைப் ஏற்றிக்கொண்டு சேலத்துக்கு வந்துகொண்டிருந்தேன். இருபது அடி பைப், புதுசு, தடவினால் கையில் எண்ணெய் ஒட்டும். வண்டியில் ஆறு டயர், மரக் கேபின், கூட ஒரு கிளீனர் பையன், பத்தொன்பது வயது. ஏற்றும்போதே மேலே இரண்டு வரிசை, கேபினுக்குப் பின்னால் சரக்கைத் தடுக்க நிற்கிற முன்பலகையைவிட உயரமாகப் போய்விட்டது. கிடங்கில் கேட்டைப் பூட்டுகிற நேரம். மூன்று கயிறு போட்டோம், கிளம்பினோம்.

விழுப்புரத்தில் டீ குடிக்க நிறுத்தியபோது நடுக்கயிற்றைப் பிடித்து இழுத்துப் பார்த்தேன். தளர்ந்திருந்தது. நன்றாகத் தெரிந்தது, இல்லை என்று சொல்லவில்லை. உளுந்தூர்பேட்டையில் எப்படியும் நிறுத்துவோம், அங்கே பார்த்துக்கொள்ளலாம் என்று ஏறிவிட்டேன். உளுந்தூர்பேட்டையில் நிறுத்தவே இல்லை. கள்ளக்குறிச்சி தாண்டி விடியற்காலையில் ஒரு மாடு குறுக்கே வந்தது, பிரேக்கில் ஏறி மிதித்தேன். வண்டி நின்றது, பைப் நிற்கவில்லை. கேபின் பின்பலகையைப் பொத்துக்கொண்டு ஐந்தாறு பைப் உள்ளே வந்தது, அதில் ஒன்று முன்கண்ணாடியையும் உடைத்துக்கொண்டு வெளியே போய் நின்றது. அது வந்த வழியில்தான் பையனுடைய தலை இருந்திருக்க வேண்டும். கீழே விழுந்த தீப்பெட்டியைக் குனிந்து தேடிக்கொண்டிருந்தான், பிழைத்தான். நிமிர வந்தவன் முதுகில் பைப் இடித்தது. அப்புறம் ஊர்ந்தபடியே கதவைத் திறந்து இறங்கினான். மாடு பாட்டுக்கு நடந்து போய்விட்டது.

பைப் ஏன் நிற்கவில்லை என்று பின்னாளில் ரொம்பவும் யோசித்தேன். லாரி ஓட்டுகிற எங்களுக்குச் சரக்கு என்றால் கனம், கனமான பொருள் இருந்த இடத்தில் இருக்கும் என்று ஒரு நினைப்பு. பத்து டன் எங்கே போய்விடும் என்போம். போகும். வண்டி ஓடும்போது சரக்கும் அதே வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. பிரேக் சக்கரத்தைத்தான் பிடிக்கிறது, சரக்கை யார் பிடிப்பது? ஐரோப்பாவில் கட்டுகிற முறைக்கு ஒரு தரவிதி வைத்திருக்கிறார்கள். பத்து டன் சரக்கு என்றால், முன்பக்கம் எட்டு டன் கனத்தோடு தள்ளும், பக்கவாட்டில் வளைவில் ஐந்து டன் தள்ளும், அதைத் தாங்குகிற மாதிரி கட்டு என்கிறது. இரும்புத் தகட்டின் மேல் எண்ணெய்ப் பசையுள்ள இரும்பை வைத்தால் உராய்வு பிடித்து நிறுத்துவது அதில் இரண்டு டன்கூட வராது. மீதியைக் கயிறும் முன்பலகையும்தான் தாங்க வேண்டும். அடியில் ரப்பர் பாய் விரித்தால் அதே உராய்வு ஆறு டன் வரை பிடிக்கும். பழைய டயர், ட்யூப் துண்டு போட்டால்கூடக் கொஞ்சம் பிடிக்கும், நம் ஊரில் அதற்கா பஞ்சம்.

இன்னொரு விஷயம் எனக்கு ஐம்பது வயதில்தான் புரிந்தது. சரக்கின் மேலாகக் கயிறு போட்டுக் கட்டுகிறோமே, அது சரக்கைப் பிடித்து இழுப்பதில்லை, கீழ்நோக்கி அமுக்குகிறது, அவ்வளவுதான். அமுக்குவதால் உராய்வு கூடுகிறது. கயிறு செங்குத்தாக இறங்கினால் இழுத்த பலம் முழுக்க அமுக்கும். தரையிலிருந்து முப்பது டிகிரி சாய்வாக இறங்கினால் பாதிதான். இரும்புத் தகடு, கம்பிக் கட்டு மாதிரி தாழ்வாகக் கிடக்கிற சரக்குக்குக் கயிறு கிட்டத்தட்டப் படுத்த வாக்கில் போகும், அமுக்கவே அமுக்காது. பஞ்சு மூட்டைக்கு எட்டுக் கயிறு போடுகிற நாம் இரும்புத் தகட்டுக்கு இரண்டு போடுகிறோம், கனமாகத்தானே இருக்கிறது என்று. உண்மையில் தலைகீழாகச் செய்ய வேண்டும், அதுவும் மேலாகப் போட்டால் போதாது, முன்னும் பின்னும் மூலைக்கு மூலை சங்கிலி போட்டு இழுக்க வேண்டும், முன்பலகைக்கும் சரக்குக்கும் நடுவே இடைவெளி இருந்தால் கட்டை வைத்து முட்டுக் கொடுக்க வேண்டும்.

கயிற்றுக்கும் ஒரு குணம் உண்டு. நூல் கயிறு, நார்க்கயிறு எல்லாம் மழையில் நனைந்தால் இறுகும், காய்ந்தால் விட்டுவிடும். நைலான் நீளும். பெல்ட் நல்லதுதான், ஆனால் தகட்டின் விளிம்பில் பட்டால் குலுக்கலில் அறுபட்டுக்கொண்டே வரும். மூலையில் ஒரு சாக்குத் துண்டு, டயர் துண்டு வைக்காமல் பெல்ட் போடுகிறவன் பெல்ட்டை வீணாக்குகிறான். கயிறு அப்படியே இருந்தாலும் சரக்கு அமுங்கும். நெல் மூட்டை, வைக்கோல், சிமெண்ட், எதுவானாலும் முதல் முப்பது நாற்பது கிலோமீட்டர் குலுக்கலில் கொஞ்சம் உட்காரும், உட்கார்ந்தால் கயிறு தொளதொளத்துப் போகும். அமெரிக்காவில் இதைச் சட்டமாகவே போட்டிருக்கிறார்கள்: முதல் ஐம்பது மைலுக்குள், அதாவது எண்பது கிலோமீட்டருக்குள், ஓட்டுநர் இறங்கிக் கட்டைப் பார்க்க வேண்டும், அப்புறம் மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை அல்லது நூற்றைம்பது மைலுக்கு ஒரு தடவை, எது முதலில் வருகிறதோ அது. சென்னையிலிருந்து விழுப்புரத்துக்கே நூற்று அறுபது கிலோமீட்டர். அதுவரை நான் இறங்கிப் பார்க்கவே இல்லை. பார்த்த பிறகும் இறுக்கவில்லை.

சரி, தெரிந்தும் ஏன் செய்வதில்லை? ஓட்டுநருக்குப் பொறுப்பில்லை என்று பேப்பரில் எழுதிவிடுகிறார்கள். எனக்கு அது பாதி உண்மையாகத்தான் படுகிறது. கட்டுவது யார் வேலை என்று கேட்டுப் பாருங்கள். லோடுமேனுக்கு ஏற்றுக்கூலி டன்னுக்கு இவ்வளவு, மூட்டைக்கு இவ்வளவு. கயிறு கட்ட அதில் கூலி கிடையாது. சரக்குக்காரருக்குச் சரக்கு கேட்டைத் தாண்டினால் போதும். லாரி முதலாளிக்குக் கயிறும் தார்ப்பாயும் செலவுக் கணக்கு. முன்பெல்லாம் கட்டுவதற்கென்றே ஒருத்தன் இருந்தான், கிளீனர். மேலே ஏறித் தார்ப்பாய் விரிப்பான், கயிற்றில் தொங்கி இறுக்குவான், ஓடும்போது பக்கவாட்டில் எட்டிப் பார்ப்பான். இப்போது பெரிய பெரிய டிரெய்லரையே ஓட்டுநர் ஒற்றை ஆளாகத்தான் ஓட்டுகிறார். கட்டுப்படியாகவில்லை என்று கிளீனரை நிறுத்தினார்கள், அவன் செய்த வேலையை யார் தலையில் வைப்பது என்று யாரும் யோசிக்கவில்லை.

சட்டம் இருக்கிறது, இல்லாமல் இல்லை. பின்னால் ஒரு மீட்டர் வரை கம்பி நீட்டிக்கொண்டு போகலாம் என்று விதியில் இடம் இருந்தது. உச்ச நீதிமன்றம் வரை வழக்குப் போய், 2014-இல் அதை எடுத்துவிட்டார்கள். 2019 திருத்தத்துக்குப் பிறகு சரக்கு பக்கவாட்டிலோ முன்னேயோ பின்னேயோ வரம்பு மீறி நீட்டினால் 20,000 ரூபாய் அபராதம். இன்றைக்கும் ராத்திரியில் கம்பி வண்டிகள் நுனியில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டிக்கொண்டு போவதைப் பார்க்கலாம். ராத்திரியில் சிவப்பாவது பச்சையாவது, அது வெறும் கந்தல். பைக்கில் பின்னால் வருகிறவருக்கு டெயில் லைட்தான் கண்ணில் படும், லைட்டுக்கு ஐந்தடி முன்னாலேயே கம்பி அவரை எதிர்பார்த்து நிற்கும். அப்படி ஒரு வண்டி முன்னால் போனால் தாண்டிப் போங்கள், இல்லை நிறுத்தி ஒரு டீ குடியுங்கள், பின்னாலேயே மட்டும் போகாதீர்கள். நீட்டிக்கொண்டிருப்பதைப் பிடிக்கிறார்கள், அதாவது கண்ணுக்குத் தெரிகிறதைப் பிடிக்கிறார்கள். பாடிக்குள்ளேயே கட்டாமல் கிடக்கிறதை யார் பார்க்கிறார்கள்? ஓரம் கட்டச் சொல்லி, கயிற்றைக் கையால் இழுத்துப் பார்த்த அதிகாரி ஒருத்தரைக்கூட என் சர்வீஸில் நான் கண்டதில்லை.

கன்டெய்னரைச் சொல்லாமல் விட்டால் குறையாகிவிடும். டிரெய்லரில் நாலு மூலையிலும் ட்விஸ்ட் லாக் என்று ஒன்று இருக்கும், திருகினால் பெட்டி வண்டியோடு பூட்டிக்கொள்ளும். அதை வேண்டுமென்றே பூட்டாமல் போகிறவர்கள் இருக்கிறார்கள். கேட்டால், வளைவில் சாய்ந்தால் பெட்டி மட்டும் விழட்டும், வண்டியும் நானும் தப்பிப்போம் என்பார்கள். உட்கார்ந்திருக்கிறவன் கணக்கு அது. பெட்டி விழுகிற பக்கம் ஆட்டோவில் யார் வருகிறார்கள் என்பது அந்தக் கணக்கில் கிடையாது. இதில் நான் அவர்களோடு சண்டையே போட்டிருக்கிறேன்.

வைக்கோல் லாரியோ வேறு ரகம், இரண்டு பக்கமும் வயிறு தள்ளிக்கொண்டு போகும், தாழ்வாகத் தொங்குகிற மின்கம்பியில் உரசும், பற்றிக்கொள்ளும். ஓட்டுகிறவருக்கே தெரியாது, ரோட்டோரத்தில் இருக்கிறவர்கள் கத்திக்கொண்டு ஓடி வந்து சொல்ல வேண்டும். கரும்பு லாரிக்கு வேறு மாதிரி ஆபத்து. சத்தியமங்கலத்திலிருந்து திம்பம் ஏறி, 27 கொண்டை ஊசி வளைவும் முடித்து, ஆசனூர் பக்கம் போனால் காராப்பள்ளம் சோதனைச்சாவடி. கரும்பு ருசி கண்ட யானைகள் அந்தப் பக்கம் ரோட்டிலேயே நின்று லாரியை மறிக்கும். கட்டு எவ்வளவு இறுக்கமாக இருந்தாலும் தும்பிக்கைக்கு முன்னால் அது ஒன்றும் இல்லை. அங்கே கயிற்றைக் குறை சொல்ல முடியாது, விடுங்கள்.

லாரியை மட்டும் சொல்லிக்கொண்டிருக்கிறேன், வீடு மாற்றுகிறவர்களையும் சொல்ல வேண்டும். ஒரு குட்டி யானையில் பீரோ, பிரிட்ஜ், கட்டில், எல்லாவற்றுக்கும் மேலே மெத்தை. கயிறு போதவில்லை என்றால் நாம் என்ன செய்கிறோம்? மெத்தை மேல் மச்சானை உட்கார வைக்கிறோம், பிடித்துக்கொண்டு வாப்பா என்று. மெத்தை லேசானதாயிற்றே என்று நினைக்கிறோம், லேசாக இருப்பதுதான் வினை. பைபாஸில் அறுபதில் போகும்போது முன்னால் கொஞ்சம் தூக்கினால் காற்று அடியில் புகுந்து பாய்மரம் மாதிரி எடுத்துக்கொண்டு போய்விடும், மேலே இருக்கிற மச்சானையும் சேர்த்து. பீரோவைக் கதவு உள்பக்கம் பார்க்க வைத்து, கேபினை ஒட்டி நிறுத்தி, தனியாக ஒரு கயிறு. மெத்தைக்குக் குறுக்கே இரண்டு. மச்சான் பஸ்ஸில் வரட்டும்.

அந்தக் கிளீனர் பையன் என்னானான் என்று கேட்பீர்கள். பையன் என்று நான்தான் இன்னும் சொல்கிறேன், அவனுக்கே ஐம்பது ஆகிவிட்டது. சொந்தமாக ஒரு டிரெய்லர் வைத்து ஓட்டுகிறான். முதுகில் அந்த அடி இன்னும் இருக்கிறது, குளிர் நாளில் வலிக்கிறது என்பான். போன வாரம் ஓசூரில் இரும்பு ஏற்றிக்கொண்டு வந்தவன், தொப்பூர் இறக்கத்துக்கு முன்னால் ஓரம் கட்டிவிட்டுப் போன் போட்டான். எட்டுச் சங்கிலியில் மூன்று தளர்ந்திருந்ததாம். "ஏத்தறப்போ நல்லாத்தான்ணே இறுக்கினேன்" என்றான். மறுபடி இறுக்கினாயா என்று கேட்டேன். "இறுக்கிட்டேன்ணே, டீ சொல்லியிருக்கேன், குடிச்சிட்டு இன்னொரு தடவை பாத்துட்டு இறங்கறேன்" என்றான்.